சீனாக்காரம் வந்தால் தெளியும்

மலையேறி வந்த மாண்பே! மழையிலும் மணி தவறாத மனத்திண்மையே! பத்தொன்பது ஆண்டுகள் எம் ஜவ்வாது மலைப் பள்ளியில் தலைமையாசிரியராய்த் தழைத்துத் தளராது நின்று இன்று ஓய்வு பெறும் தகைமையாளர் நசருல்லா சாகிப் அவர்களே! வணக்கம்.

தங்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் “போதும், உக்காருங்க” என்று கைகாட்டிவிடுவீர்கள். ஆகையால் தங்கள் கதையை வேறு யாரோ ஒருவர் கதைபோல் சொல்கிறோம். இடையிடையே கோபம் தெரியும். தெரியட்டும் என்றுதான் எழுதினோம்.

நசருல்லா சாகிப்பிடம் அட்டை கிழிந்த விஞ்ஞான நாவல் ஒன்று இருந்தது. 1960இல் சீனப் பேரரசு உலகையே ஆளும், அதன் பறக்கும் கப்பல்கள் சென்னை வானத்தை மறைக்கும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ அளந்த கதை. மழைக்காலந்தோறும் அதைத் திரும்பப் படித்து வயிறு வலிக்கச் சிரிப்பார். “அறுபதும் வந்து போய்ட்டுது. பறக்கிற கப்பல் இன்னாங்க ஆச்சு? நம்ம மலைக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல!” என்பார். கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அதன் ஓரத்தில் நினைவுக்குறிப்பு எழுதுவதும் அவர் வழக்கம்.

சென்ற ஐப்பசியில் எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டது. இங்கே மழையில் பள்ளிக் குடிநீர்த் தொட்டி கலங்கிப்போயிற்று. தண்ணீரைத் தெளியவைக்கச் சமையல் முனியம்மா படிகாரம் கேட்டார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் குடும்பத்தில் பிறந்த சாகிப்புக்குப் படிகாரம் என்றால் சீனாக்காரம். நாவலின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்: ‘சீனாக்காரம் வந்தால் எல்லாம் தெளியும்.’

அந்த வாரம் மேற்பார்வைக்கு வந்தார் ஓர் அதிகாரி. பெயரெழுதி இந்த மடலை அழுக்காக்கமாட்டோம். மேசையில் கிடந்த நாவலைப் புரட்டி, அந்தக் குறிப்பின் ‘ம்’ என்ற எழுத்தை ‘ன்’ என்று படித்தார் அந்த மேதை. சீனாக்காரன் வந்தால் எல்லாம் தெளியுமாம்! மேசையில் ஓங்கி அடித்தார். “உங்க ஆளுங்க புத்தியே இதானா?” என்றார். உங்க ஆளுங்க! காய்ச்சலில் கிடந்த மலைப் பிள்ளைகளை ஆலங்காயம் ஆஸ்பத்திரி வரை தோளில் சுமந்து நடந்த மனிதரைப் பார்த்து!

“இவருக்குச் சாட்சி சொல்றவங்க கையெழுத்துப் போடலாம்” என்று தாளை நீட்டினார். சாகிப் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். படித்த ஆசிரியர்கள் நாங்கள் தரையைப் பார்த்தோம். முனியம்மா மட்டும் முன்னால் வந்தார். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அது தண்ணில போடற கல்லுங்க. நான்தான் கேட்டேன்.” அவரை வெளியே போகச் சொன்னார்கள். சாகிப்பின் பணிப் பதிவேட்டில் ‘நாட்டுப்பற்று ஐயத்திற்குரியது’ என்று ஒரு வரி ஏறியது. சாகிப் அதன்பின் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்தை மட்டும் அதிகாரி கிழித்துப்போனார். மிச்சத்தை இந்தப் பங்குனியில் நாங்கள் கூடிப் படித்தோம். அதில் பேரரசரின் ஒற்றர்கள் பள்ளி பள்ளியாய்ப் புகுந்து வாத்தியார்களின் ஏடுகளைப் புரட்டிக் குற்றம் தேடுகிறார்கள். உடன் வேலை செய்கிறவர்கள் வாய்மூடி நிற்கிறார்கள். அந்தப் பக்கங்களில் எங்களைத்தான் கண்டோம், சீனாவைக் காணவில்லை.

பெருந்தகையீர்! அந்த வரி அழியாதிருக்கத் தங்களுக்கு மாலை சூட்டவே எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது. நோயின்றி நெடுநாள் வாழுங்கள். அந்த வரி அடிக்கப்படுவதைக் கண்ணால் காணும்வரை கட்டாயம் வாழுங்கள். இம்மடலின் ஒரு படி கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்கள் இல்லத்துக்கு. மறு படி அந்த அதிகாரிக்கு. அன்று போடாத கையெழுத்தை இன்று போடுகிறோம். அன்றே பேசியவர் முதலில்.

முனியம்மா (இடக்கைப் பெருவிரல் ரேகை)
நீலாவதி
காசி
பாண்டுரங்கன்

ஜவ்வாது மலை, 30-4-1963