விட்டத்தில் இருந்த குரல்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு மரச்செதிலைச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். ஆனால் அதைச் செய்ய இங்கே யாருக்கும் தோன்றியிருக்காது, வருகிறவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டே பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மேசை பரவாயில்லை. வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது உயிரே போனாலும் விடாது.

பசையைப் பற்றித்தானே கேட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் வயலினும் வயோலாவும் செய்கிறவன். வயோலா என்றால் வயலினுக்கு மூத்தது மாதிரி இருக்கும், உடம்பு பெரிது, குரல் தாழ்ந்தது. இரண்டையும் நாங்கள் வஜ்ஜிரத்தால்தான் ஒட்டுவோம். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. காய்ந்துவிட்டால் கல்லு மாதிரி நிற்கும், சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் இளகிக் கொடுக்கும். வேண்டுமென்றேதான் அப்படிப்பட்ட பசை. என்றைக்காவது ஒருவன் உள்ளே பழுது பார்க்க வேண்டுமென்றால் பலகையை உடைக்காமல் திறக்க வேண்டுமே. முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஆசான்கள் செய்த வாத்தியங்கள் இன்னும் பாடுகின்றன என்றால், அவை திறக்கக்கூடியவை என்பதும் ஒரு காரணம். ஓரத்தில் கொஞ்சம் ஆவி காட்டி மெல்லிய கத்தியை நுழைத்தால், முகப்புப் பலகை சின்னதாக ஒரு சத்தம் போட்டுவிட்டு விட்டுக்கொடுக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான். வாத்தியக் குழுவில் வயோலா வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொழில் கற்றுக்கொள்ள வழி செய்துவிட்டு அவள் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள், கடைசியில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிறகு விரல் மூட்டுகள் வீங்கி வில்லைப் பிடிக்க முடியாமல் போனது. காது மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாதிரிக் காதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாடியில் படுத்துக்கொண்டே, கீழே பட்டறையில் எந்த உளி மழுங்கியிருக்கிறது என்று சொல்லுவாள். சமையலறையில் பால் பொங்கப் போகிறது என்று என்னை எழுப்பி ஓடவிடுவாள். அவள் சொல்லித் தப்பாகப் போனதாக ஒருநாள்கூட ஞாபகம் இல்லை.

நான் செய்த ஒவ்வொரு வாத்தியத்தையும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோவேன். வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "நல்லா இருக்குடா. ஆனா..." என்பாள். கீழ்த் தந்திக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது, மேல் தந்தி கத்துகிறது, இப்படி ஏதாவது ஒன்று. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவர்கள் கொண்டாடினால் எனக்கு என்ன? மாடியில் ஒருத்தி 'ஆனா' சொல்லியாகிவிட்டதே. இளைஞனாக இருந்தபோது அது சுறுசுறுப்பைக் கொடுத்தது. தலை நரைத்த பிறகும் அதே சொல்லைக் கேட்டு மாடிப்படி இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குறை கையில் இல்லை, மரத்தில்தான் என்று எனக்கு ஒரு கட்டத்தில் புரிந்தது. பழைய ஆசான் ஒருவர் செய்த வயோலாவின் அளவுகளை மயிரிழை பிசகாமல் எடுத்து வைத்திருந்தேன். அதே வளைவு, அதே கனம், வார்னிஷ்கூட அதே பக்குவம். ஆனால் அவருக்குக் கிடைத்த மரம் எனக்குக் கிடைக்கவில்லை. குளிரில் மெதுவாக வளர்ந்து, நூல் நூலாக ரேகை ஓடி, வெட்டியபின் பல தலைமுறைக்குக் காய்ந்த ஸ்ப்ரூஸ், குளிர்நாட்டு ஊசியிலை மரம். அதை இன்றைக்கு எங்கே போய்த் தேடுவது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மரக்கடைக்காரர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல், ஒரு பலகையும் வாங்காமல் எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்க்கிறான் என்று.

அக்காவின் அறையில்தான் இருந்தது. எங்கள் வீடு மிகப் பழையது, மாடிக்கு ஓட்டுக் கூரை. அதைத் தாங்கும் நடு விட்டம் அவள் கட்டிலுக்கு நேர் மேலே ஓடியது. குழந்தையிலிருந்து பார்த்த விட்டம்தான், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த மரம் என்பார்கள். ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது துடைப்பக்கட்டை அதில் இடித்தது. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டேன். அப்படி ஒரு நாதம்.

அவளிடம் கேட்காமல் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கேட்டேன். நடுவில் என் கை நீளத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "வீட்டு எலும்ப உருவித்தான் வாத்தியம் பண்ணுவியாடா?" என்று கேட்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

கோடையில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். பகலில் அவளோடு இருப்பேன், ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன், தலை வாரிவிடுவேன். தாதிகள் எல்லாம் இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்றார்கள். வீட்டுக்கு வந்தால் வேலை. ஜாக்கி வைத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டு, விட்டத்தின் நடுத்துண்டை அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் புதுமரத்தைச் சரிவாகச் செதுக்கிப் பொருத்தி ஒட்டினேன். பிறகு நிறம் கொடுத்தேன். புது மரத்தைப் பழசாகக் காட்டுவதுதானே எங்கள் பிழைப்பு. புகைக்கறை, புழு அரித்த துளை, ஆணித் துரு எல்லாம் வைத்தேன். ஜாக்கியை எடுத்தேன். கூரை அசையவில்லை.

அலமாரியில் வெள்ளைப் பசை இருந்ததே, இரும்புப் பட்டையும் திருகாணியும் இருந்ததே என்று உங்கள் இளம் அதிகாரி கேட்டார். இருந்தன. வஜ்ஜிரச் சட்டி அடுப்பில் சூடாக இருந்தது, கை பழகின இடத்துக்குப் போயிற்று. இத்தனை வருஷத்தில் வேறு பசை தொட்டவன் இல்லை நான். விட்டத்தை என்றைக்காவது யாராவது பிரிக்க வேண்டியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். பழக்கத்துக்குக் காரணம் கேட்டால் யார்தான் சொல்ல முடியும்?

அக்கா திரும்பி வந்து கட்டிலில் படுத்தாள். அன்றைக்கே சொன்னாள், "அறை ஒரு மாதிரி கேக்குதுடா" என்று. மருந்து மயக்கம் தெளியவில்லை என்றேன். ஒத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது வயோலா தயாராகிவிட்டது. வார்னிஷ் உலர வேண்டும். வீட்டில் நல்ல வெளிச்சமும் காற்றும் அவள் அறையில்தான், அதனால் எப்போதும்போல் அங்கே ஜன்னல் ஓர ஆணியில் தொங்கவிட்டேன். அவளுக்கும் அது பிடிக்கும், துணைக்கு ஒரு ஆள் இருக்கிற மாதிரி என்பாள். ஓடுகள் நனைந்து கனமாக, மேலே முனகல் கேட்க ஆரம்பித்தது. எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. மழை நின்றாலும் கேட்டது.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. "வயசாயிடுச்சுக்கா. காதுல சளி. உனக்கு முன்ன மாதிரி கேக்கல" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. "அப்படியாடா?" என்று மெல்லக் கேட்டாள். அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது என் கால் லேசாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை, சந்தோஷமாகவே இருந்தது.

வார்னிஷ் உலர்ந்ததும் தந்தி கட்டி, அதைத் தாங்கும் குதிரைக் கட்டையை நிறுத்தி, அவள் கட்டில் பக்கத்தில் நின்று வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாசித்து முடித்தும் திறக்கவில்லை. பிறகு "நல்லா இருக்குடா" என்றாள். நான் காத்திருந்தேன். 'ஆனா' வரவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அத்தோடு அவள் நிறுத்தியிருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை.

கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தாள். "மேல முனகுதே, அதே குரல்டா இது" என்றாள்.

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கூரை மேஸ்திரியை வரச் சொல்லு, அந்த விட்டத்தைத் தட்டிப் பார்க்கட்டும் என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். "நீ ஒண்ணும் பண்ணலன்னா நல்லது தம்பி. பண்ணியிருந்தா இந்த வயோலாவ நான் கேக்காததா நெனச்சுக்கிறேன்."

கேட்காததாக நினைத்துக்கொள்வாளாம். அந்த ஒரு 'நல்லா இருக்கு'வை அவள் திரும்ப எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம் ஐயா? நீங்களே சொல்லுங்கள். மேஸ்திரி ஏணி போட்டு ஏறி ஒரு தட்டு தட்டினால் போதும். சரிக்கா, சொல்லிவிடுகிறேன் என்றேன். மேஸ்திரிக்கு இந்த வாரம் கை நிறைய வேலை, அடுத்த வாரம் வருகிறார் என்று மாலையில் வந்து சொன்னேன். நான் அவரிடம் போகவில்லை. இதை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள்.

அந்த வாரம் அவளுக்கு இருமல் அதிகமாயிற்று. டாக்டர் ஆவி பிடிக்கச் சொல்லியிருந்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு கிண்ணத்தில் குனிந்து பிடித்தால் போதும் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். குனிந்தால் அவளுக்கு ஆபரேஷன் தழும்பு இழுக்கும். அதனால் மின்சார அடுப்பை மேலே கொண்டுவந்து, பட்டறையில் மரத்தை வளைக்கத் தண்ணீர் கொதிக்கவைக்கும் அகலமான பாத்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். படுத்தபடியே மூச்சிழுக்கலாம். குளிர்காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணி அடைத்தேன். காலையிலும் வைத்தேன், சாப்பாட்டுக்குப் பிறகும் வைத்தேன். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றினேன். நெஞ்சில் தைலம் தடவிவிட்டேன். உண்மையாகவே இருமல் குறைந்தது. வேண்டுமானால் டாக்டரைக் கேளுங்கள், ஆவி நல்லதுதான் என்பார்.

கடைசி நாள் மதியம் அவள், "போதும்டா, மேலேருந்து சொட்டுது" என்றாள். அண்ணாந்து பார்த்தேன். விட்டத்தின் நடுவில் வேர்த்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்க்கா, தூங்கு என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாத்திரத்தை நிரப்பிவிட்டுக் கீழே வந்தேன்.

ஓடுகள் விழுந்த சத்தத்தைத் தெருவே கேட்டது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சத்தம் வந்ததே, அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் காது கடைசிவரை சரியாகத்தான் இருந்தது, அன்றைக்கு நான் சொன்னது பொய்.

முறிந்த மரம் நார் நாராகப் பிய்ந்து கிடக்கும், இது வெண்ணெயை வெட்டிய மாதிரி இருக்கிறதே என்று உங்கள் இளம் அதிகாரி விட்டத்தின் முனையைத் தடவிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். கெட்டிக்காரர். ஆனால் அவர் நினைப்பது மாதிரி இல்லை. மரத்தை எடுத்தேன், ஒட்டினேன், மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆவி வைத்தது அவள் நெஞ்சுக்காக. பாத்திரம் கொதிக்கும்போது விட்டத்தின் பசையைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. வந்திருந்தால் என் அக்காவை அந்தக் கட்டிலில் ஒரு நொடி விட்டிருப்பேனா?

ஜன்னல் ஓர ஆணி ஏன் காலியாக இருந்தது என்று கேட்கிறீர்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. முதல் நாள் அடுப்பை ஏற்றுவதற்கு முன்னாலேயே வயோலாவைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டேன். அவ்வளவு ஆவியில் வஜ்ஜிரம் தாங்காது ஐயா, எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.