பின்பக்கத்து பேரிங்

மதியச் சோறு ஆறிப்போனால் எனக்குத் தொண்டையில் இறங்காது. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள் அல்லவா, அங்கேதான்.

கண்ணாடித் தொழிற்சாலையில் மின்சாரத்துக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் ஜெனரேட்டர் ஒரு சின்ன வீட்டளவு இருக்கும். அது நின்றால் உலை ஆறும். உலை ஆறினால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி கல்லாக இறுகும். உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்காக ஒரு அலாரம் வைத்திருந்தார்கள். தும்மினாலும் அடிக்கும், இருமினாலும் அடிக்கும். அது அடித்தால் என் போனும் அடிக்கும். சோற்றில் கை வைத்தால் அழைப்பு, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அழைப்பு. மகள் மேடையேறிப் பட்டம் வாங்கியபோது நான் அரங்கத்துக்கு வெளியே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். விழுந்தடித்து ஓடிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உடம்பு களைத்தால் படுத்துக்கொள்ளலாம். காது களைத்துப்போனால் என்ன செய்வது?

அப்போதுதான் முதலாளி பழைய அலாரத்தைக் கழற்றிவிட்டுப் புதுக் கண்காணிப்புக் கருவிகள் வாங்கினார். நாலு சென்சார். அதிர்வையும் சூட்டையும் அளந்து திரையில் காட்டும். எல்லை மீறினால் அலாரம் அடிக்கும். எங்கெங்கே பொருத்துவது என்று திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஜெனரேட்டரின் சுழலும் தண்டை முன்னாலும் பின்னாலும் இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. முன்னது புதிது. பின்னதன் மேல் ஸ்குரூடிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். அங்கே சென்சார் வைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேரிங்கை மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருந்தது. வரைபடத்தில் முன் பேரிங்குக்கு இரண்டு, அடித்தளத்துக்கு ஒன்று, மேல்மூடிக்கு ஒன்று என்று குறித்தேன். நாடி பார்க்க வந்தவன் நோயாளியை விட்டுவிட்டுக் கட்டில் காலைப் பிடித்த மாதிரி.

பொருத்த வந்த பெண் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் ஒண்ணு வேண்டாமா சார்?"

"அங்க ஜெனரேட்டரோட ஃபேன் காத்து அடிக்குதும்மா. தப்புத் தப்பா காட்டும்."

"நீங்க சொன்னா சரி சார்."

நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. கருவி இல்லாத இடத்தில் ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று என் சகலையின் நாற்காலியைப் பின்பக்கம் நகர்த்திப் போட்டேன். சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். ஜெனரேட்டர் அறையில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். வயதில் சின்னவர் என்பதால் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

அலாரம் அடிப்பது நின்றது. சோறு சூடாக உள்ளே போனது. அதன்பிறகு சகலை வர ஆரம்பித்தார்.

"பின்னாடி ஏதோ அரைக்குதுண்ணே."

"திரையில பச்சையாத்தானே இருக்கு சகலை?"

திரையைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், போய்விடுவார். மறுபடி வருவார். மறுபடி திரையைக் காட்டுவேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போய் வந்தார். "காது நல்லாத்தான் இருக்காம்ணே" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

என் மனைவியும் கேட்டாள்.

"அந்தப் பக்கம் உக்காரவே பயமா இருக்குன்னு சொல்றாராம். கொஞ்சம் என்னன்னுதான் பாருங்களேன்."

"உன் தங்கச்சிக்கு வேற வேலை இல்ல" என்றேன். என் மனைவிதான் இதை உங்களிடம் சொல்லியிருப்பாள். பரவாயில்லை, சொல்லட்டும்.

அன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது.

"அண்ணே, ரொம்ப மோசமா கத்துதுண்ணே. நிறுத்திடட்டுமா?"

போனிலேயே எனக்குக் கேட்டது. பேரிங் கையைவிட்டுப் போய்விட்டது என்று சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. நிறுத்தும் பொத்தான் கதவோரம் இருக்கிறது. அவர் அதன் பக்கத்தில் நின்றுதான் பேசினார்.

"நிறுத்த வேணாம். கிட்டப் போயி கையை வெச்சு, சூடு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"சரிண்ணே."

பேரிங் நொறுங்கித் தண்டு இறங்கியதும் ஃபேன் இறக்கைகள் மூடியைக் கிழித்துக்கொண்டு அவர் மேல் வந்தன. அதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். போன் துண்டிக்கப்படவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு புறப்பட்டேன்.

இன்று காலை நீங்கள் அதே வரைபடத்தை என் முன்னால் விரித்து, "ஒரே ஒரு சென்சார்தான் இருக்குன்னா எங்க வெப்பீங்க?" என்றீர்கள். பேனா நேராகப் பின் பேரிங்கில் போய் நின்றது. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். ஆமாம், அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

போனில் சொன்னதும் அப்படித்தான். அவர் பொத்தானை அழுத்தியிருந்தால் பேரிங்கைக் கழற்றுவார்கள், இங்கே ஏன் சென்சார் இல்லை என்று கேட்பார்கள். நான் எத்தனையோ தடவை சொன்னேனே என்று அவர் சொல்வார். தொழிற்சாலையில் அதைச் சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை, ஐயா. அவ்வளவு அலுத்திருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முன்விரோதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சகலை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தங்கமான மனிதர். என் பேச்சை ஒரு நாளும் தட்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கையை வைக்கச் சொன்னேன்.