மூடியில் கீறல்

— யோகேந்திரன் அண்ணன், இதுக்குள்ள என்னத்த ஊத்தினீங்க?

— தேங்காயெண்ணெய்.

— கறி தாளிக்கவா?

— சிரியாதேங்கோ ஹபீலா. தண்ணி போகாம இருக்கத்தான் ராத்திரி ஊத்தினனான்.

— வாப்பா மவுத்தானதுலேந்து இந்த அக்குறணைக் கடையில மணிக்கூடு திருத்துறேன். நனைஞ்ச மணிக்கூட்ட அடுப்புல வெச்சு உருக்கின மடையனக் கண்டீக்கேன். எண்ணெய் ஊத்தின மடையன் நீங்கதான்.

— இது மணிக்கூடு இல்லை தங்கச்சி. சுழியோடிறவைன்ர கொம்பியூட்டர். எவ்வளவு ஆழத்தில நிக்கிறன், எங்கெங்க தரிச்சு மேல வரோணும் எண்டு சொல்லும். இது பழுதானா எனக்கும் தியாகராஜாவின்ர கதைதான்.

— அது யாரு?

— என்னோட அணைக்கட்டுக் கதவுகளுக்கு அடியில வேலை செய்தவர். அவரின்ர மீட்டர் தண்ணி குடிச்சு நிண்டுபோச்சு. தரியாமல் கெதியா மேல வந்திட்டார். இப்ப இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. எண்ணெய் யோசனையும் அவர் சொன்னதுதான். உள்ளுக்க காத்து இருந்தா ஆழத்தில தண்ணி அதை அமத்திக்கொண்டு வந்திடும். எண்ணெயை அமத்தேலாது.

— அந்தப் புத்தி சரி. எண்ணெய்தான் பிழை. தை மாசக் கண்டிக் குளிருக்குத் தேங்காண்ணெய் போத்தல்லயே ஒறையிது. தலைக்கு வைக்கவே வெயில்ல காயப் போடுறோம். நீங்க அத அணைக்கட்டுக்கு அடியில கொண்டு போற. ஒறைஞ்சா இலக்கம் கண்ணுக்குத் தெரியுமா?

— விடியப் பாக்க வெள்ளையாத்தான் கிடந்தது.

— மூடியப் பாருங்க. சுத்திவரக் கீறல். ரப்பர் வளையமும் கிழிஞ்சி. என்னத்தால தொறந்த, கோடாலியா?

— கத்தி.

— படிச்ச மடையன். தண்ணிக்கு வழி வெட்டிக் குடுத்ததே உங்கட கைதான். வெக்கமில்லயா?

— ஏசுங்கோ.

— ஏசத்தான் போறேன். இந்தா, புது வளையம். இது தையல் மெசின் எண்ணெய், குளிருக்கு ஒறையாது. கோப்பைக்குள்ள முக்கி வெச்சு, சாச்சுச் சாச்சு குமிழியெல்லாம் போக்கிப்போட்டு, எண்ணெய்க்குள்ளயே மூடணும். பாத்துப் படிங்க.

— பாக்கிறன்.

— முடிஞ்சி. பெட்டரி, வயர், எல்லாம் எண்ணெய்ல முங்கி ஈக்கி. ஒரு சொட்டுத் தண்ணி போகாது. ஆனா இனி இந்த மூடியத் தொறக்கப்படா. தொறந்தா எண்ணெய் வெளிய, காத்து உள்ள. மடையனுக்கு வெளங்கிச்சா?

— பெட்டரி, வயர், எண்ணெய்.

— ஓ. அதுக்கென்ன?

— நான் தண்ணியை மட்டும்தான் யோசிச்சனான், ஹபீலா. அந்தக் கீறல் என்ர கை இல்லை. அணைக்கட்டு வாசல்ல ஆமிக்காரன் ஒவ்வொரு நாளும் கத்தியால நெம்பிப் பாக்கிறவன், உள்ளுக்க குண்டு கிடக்கோ எண்டு. என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம். இண்டைக்கு மூடியைத் திறந்தா எண்ணெய் வழியும்.

— யா அல்லாஹ். இத முன்னுக்கே சென்னா என்ன? நான் மடையன் மடையன்டு இவ்வளவு நேரம் ஏசினேனே.

— அது நல்லாத்தான் கிடந்தது. வேற இடத்தில என்னை மடையன் எண்டு ஒருத்தரும் ஏசிறேல்லை, புலி எண்டுதான் ஏசிறவை. எண்ணெயைக் கொட்டிப்போட்டு மூடித் தாங்கோ தங்கச்சி, பத்து மணிக்கு இறங்கோணும்.