மாரக்காள் வீட்டுக்கு யார் உலை வைப்பது?

ஓடிக்கொண்டிருந்த ஆற்றை அணை போட்டு உட்காரவைத்து, உட்கார்ந்திருந்த எங்களை எழுப்பி ஓடவைத்த ஸ்பெஷல் ஆபீசரும் இவ்விழாவின் தலைவருமான பெருந்தகை அவர்களே, வெயிலில் நிற்கும் பெரியவர்களே, விறகுப் புகையில் கண் சிவந்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காத நண்பர்களே, அனைவருக்கும் இந்த மாமனின் வணக்கம்.

சமுதாயக் கூடத் திறப்பு விழாவில் நன்றி சொல்லும் பொறுப்பு எனக்கு. சொல்கிறேன். முதலமடைக்கு இந்தப் பக்கம் இப்படியொரு காலனி உண்டா? நூல் பிடித்த தெரு, அச்சில் வார்த்த வீடு. போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீடு மாறிப் போய், விருந்து சாப்பிட்டு, வேட்டியும் வாங்கிக்கொண்ட பிறகுதான் அது மாமியார் வீடல்ல என்று தெரிந்ததாம். என்ன வீரபாண்டி, சிரிக்கிறாய்? நான் பெயர் சொல்லவில்லையே.

குலுக்கல் சீட்டுப் போட்டு வீடு கொடுத்தார்கள். அண்ணன் கிழக்கே, தம்பி மேற்கே. எல்லாருக்கும் வீடு கிடைத்தது. பக்கத்து வீடுதான் யாருக்கும் கிடைக்கவில்லை.

நேற்று பெரியமுத்து போய்விட்டார். விழாத் தேதியை மாற்ற முடியாதாம். செத்தவர் அதை விசாரிக்காமல் செத்துவிட்டார்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பழைய ஊரில் என்றால், பக்கத்து வீட்டு ஐசும்மா சவம் எடுக்குமுன்பே உலை வைத்திருப்பாள். இங்கே? காலையில் போய்ப் பார்த்தேன். பெரியமுத்துவின் மனைவி மாரக்காள் சுவரோடு சாய்ந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான்.

அடுத்த வீட்டு இருதயம்மாளைக் கேட்டேன். "நாங்க வேற ஊர்க்காரங்க மாமா. அவங்க பழைய சனம் கொண்டாருவாங்கன்னு இருந்துட்டனுங்க."

நாலைந்து தெரு தள்ளி ஐசும்மாவைக் கேட்டேன். "இப்பப் பக்கத்து ஊடு அவங்கதானுங்களே. நான் போயி முந்துனா அவங்க மனசு நோகாதுங்களா?"

என்ன மரியாதை, என்ன மரியாதை. அந்த மரியாதையில் பிள்ளைகள் பட்டினி.

மாரக்காள் என்னிடம் சொன்னாள்: "செத்தாக் கஞ்சி ஊத்த ஆளில்லாத ஊருல எதுக்குங்க மாமா இருக்கோணும்? காரியம் முடிஞ்சதும் மூணாறு எஸ்டேட்டுக்குத் தம்பிகிட்டப் போயிர்றேன்."

போகலாமா? அவளைப் போக விடலாமா? அவள் போனால் அடுத்தது யார்? சுவரைச் சர்க்கார் கட்டும். கூரையைச் சர்க்கார் போடும். பசித்த வீட்டு வாசலுக்குச் சட்டி தூக்கி வரச் சர்க்காரில் இலாகா உண்டா? யாரப்பா அங்கே, மனுப் போடலாம் என்பது? போடு. உன் பேரனுடைய கருமாதிக்குக் கஞ்சி வரும்.

"சீக்கிரம் முடிங்க மாமா, ஆபீசருக்குப் பசிக்கும்" என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன். தலைவர் அவர்களுக்காக நம் பெண்கள் கூடத்துக்குப் பின்னால் சோறும் சாம்பாரும் ஆக்கியிருந்தார்கள். நான் மேடை ஏறியதும், சொல்லிவைத்தபடி, ஐசும்மா ஒரு காதும் இருதயம்மாள் மறு காதுமாக அண்டாவைத் தூக்கிவிட்டார்கள். இந்நேரம் மாரக்காளின் பிள்ளைகள் கை நனைத்திருப்பார்கள்.

மாரக்காள் இருப்பாளா, போவாளா, எனக்குத் தெரியாது. நாளைய உலை என் வீட்டில். மறுநாள் எந்த வீடு என்று சொல்லாமல் ஒருவரும் கலையக் கூடாது.

தலைவர் அவர்களே, பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. பாயசத்தை மட்டும் அவர்கள் எடுத்துப் போகவில்லை. துக்க வீட்டுக்கு இனிப்பு ஆகாது. அது முழுக்கத் தங்களுக்கே. வணக்கம்.