சொட்டு மருந்து அக்காவுக்கு, நூறாண்டு கேளாத மடல்

கண் மருத்துவமனையின் கண்மணியே! கலங்கி வந்தோரைக் கனிவோடு அமர்த்தி, இமை தூக்கி, துளியும் சிந்தாமல் மருந்திட்ட திருக்கரமே! பெரிய டாக்டர் முதல் வாசற்காவலர் வரை வயது பாராமல் 'சொட்டு மருந்து அக்கா' என்றழைத்த மூத்த செவிலியரே! வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முதல் அறையில், ஆடும் காலுக்கு அட்டை மடித்துச் செருகிய மேசையருகே, தாங்கள் அயராது நின்றதை என்னென்பது! "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆச்சா? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்காமல் ஒருவரையும் உள்ளே அனுப்பியதில்லை.

அதே கேள்வியைத் தங்களிடம் கேட்க ஆளில்லாமல் போயிற்றே! வலக்கண் சிவந்து இமை வீங்கியபோது, வராந்தாவில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்து, அழற்சிதான் என்றோம். நாற்காலியில் உட்கார வைத்து யாருமே பார்க்கவில்லை; நம் அக்காதானே என்ற நினைப்பு! ஸ்டீராய்டு மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் நாங்கள் துள்ளிக் குதிக்காத குறைதான். மறுபடி வீங்கி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தபோதும், "ஒரு பெரிய டாக்டரையே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு பேர் நிக்கறாங்க" என்று சிரிக்க வைத்தீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் மார்பில் புற்றுக்கட்டி எடுத்தபோது பழப்பையோடு வந்து பார்த்தவர்கள்தாம் நாங்கள். தெரிந்த கதை என்பதாலேயே கேட்கவில்லை. அந்தப் புற்றுதான் கண்குழிக்குப் பரவியிருக்கிறது என்பது, சதை எடுத்துச் சோதித்த பிறகே தெரிந்தது.

"நானே எனக்குச் சொட்டு மருந்து விட்டுக்கிட்டேன், உங்கள என்ன சொல்றது?" என்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை, அக்கா. அலுப்பாக இருக்கிறது. இந்த வாழ்த்து மடலுக்கு அடைமொழி தேடித் தேடி, எழுதி எழுதிக் கிழித்து, ஓய்ந்துபோனோம்.

முதலில் எழுதியதை வாசித்துவிட்டுத் தாங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "நூறாண்டு வாழ்கன்னு போட்டிருக்கீங்களே, அத எடுத்துடுங்கப்பா. ஃப்ரேம் போட்டுக் குடுத்துடுவீங்க. அப்புறம் எம் பொண்ணு தினமும் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?"

எடுத்துவிட்டோம். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகும் நாளெல்லாம் எங்களில் ஒருவர் கூட வருவோம், வேண்டாமென்றாலும் வருவோம்.

ஆகவே அக்கா, இன்றிரவு வலியில்லாமல் உறங்குக! சாப்பிட்டது உடம்பில் ஒட்டுக! காலையில் கண் விழிக்கும்போது, தங்கள் மகளின் முகம் ஒன்றாகவே தெரிக!

இப்படிக்கு,
இனி யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத
முதல் அறை ஊழியர்கள்