திரும்பி வந்த அவசரச் சட்டம்

"கையெழுத்து விழாதுன்னு தெரிஞ்சேதான் அனுப்பிருக்காவ."

பாளையங்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் முன் இருக்கை வாத்தியார் செய்தித்தாளைத் தட்டிக்கொண்டே சொன்னார். தலித் கிறிஸ்தவர்களுக்கும் இட ஒதுக்கீடு தர மத்திய அரசு அனுப்பிய அவசரச் சட்டத்தை ஜனாதிபதி கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருந்தார். மண்வெட்டியோடு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"தெரிஞ்சும் எதுக்கு அனுப்பணும், சார்வாள்?"

"ஓட்டு கேட்டு வரும்போது, 'நாங்க குடுத்தோம், அவருதான் தடுத்துட்டாரு'ன்னு சொல்லலாம்லா?"

"எங்க வயக்காரரும் அப்படித்தான். கல்லறைக்குப் போக வயல்ல பாதை கேட்டா, 'எனக்குச் சம்மதந்தான், எங்க அண்ணனைக் கேளு'ம்பாரு. அண்ணன் முடியாதும்பாரு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் சாப்பிடுதாவ."

"ஜனாதிபதி பக்கமும் ஒரு காரணம் சொல்லுதாவ. தேர்தல் நெருங்குத நேரமாம்."

"நேரமா?" அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். "எங்கூரு டீக்கடையில எனக்குன்னு ஒரு கிளாஸைத் தனியா வெச்சிருக்கான். அதை எடுத்துத் தாரதுக்கு அவன் நேரம் பாக்கானா? எங்க தாத்தா காலத்துலயே வேதத்துல சேந்து கிறிஸ்தவங்களாயாச்சு, சார்வாள். அந்தக் கிளாஸ் மட்டும் இன்னும் மாறல."