முறுக்கிறதா, அமத்துறதா

ஹெந்தளை பஸ்ஸில் சாரதி, கொண்டக்டர், எனக்கு முன் சீட்டில் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் நான்.

“பெருவிரல் ஒண்டு வேலை செய்தாக் காணும்” என்றார் அவர். வாதம் வந்த வலக்கை மடியில் கிடந்தது. “கடற்கரையில மணலில ஓடுற நாலு சில்லு பைக் ரெண்டு வாடகைக்கு நிக்குதாம். ஒண்டில அக்சிலேட்டரை முறுக்கவேணும். அது எனக்கு ஏலாது. மற்றதில பெருவிரலால அமத்தினாச் சரி.”

“பிரேக் ஆர் பிடிக்கிறது, உங்கட ஐயாவோ?” என்றாள் மனைவி.

“அது இடக்கையில. கலியாணம் முடிச்ச புதுசில போன மாதிரி உம்மைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு ஒருக்கா ஓடவேணும்.”

அவள் தன் உள்ளங்கையை அவரது வலக்கைப் பெருவிரலுக்குக் கீழே நீட்டினாள்.

“விடாமல் அமத்துங்கோ பாப்பம். நான் எண்ணுறன்.”

நான் இறங்கும்போதும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“நூத்தி நாப்பத்தொண்டு.”